சேவைக்கும் ஒரு நோட்டீஸ் பீரியட் வேண்டும்

குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் குடிபோகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து நண்பர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அறிவுரையைத் தருகிறார்கள். "முதல்ல அந்த ரத்ததான வேலையை விடுங்க. ஆபீஸ் டூர் ஒரு பக்கம், விசா வேலை ஒரு பக்கம், நடுவுல இது வேறயா?" அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இதே நிலையில் இருக்கும் பலர் என் நட்பு வட்டத்தில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மனைவி செவிலியர். வேலைக்கும் போய்க்கொண்டு, ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலை வரை படித்துத் தேறி, அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை வாங்கியிருக்கிறார். நான் கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். ராஜ்கோட், டாக்கா, நைரோபி என்று பெட்டியும் கையுமாக அலைகிற வேலை. இதோடு பல வருடங்களாக ஒரு ரத்ததானக் குழுவின் ஒருங்கிணைப்பும் என்னிடம் இருக்கிறது.

ரத்ததான ஒருங்கிணைப்பு என்றால் "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நாலு குரூப்புக்கு அனுப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். விபத்துக்கும் பிரசவத்துக்கும் திடீரென்று கேட்பார்கள், உண்மைதான். ஆனால் எங்கள் வேலையில் பெரும்பகுதி தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கானது. கடுமையான வகை தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அதற்கு தீபாவளி, பொங்கல், கல்லூரி லீவு எதுவும் கிடையாது. ஒரு ஆண் ரத்தம் கொடுத்தால் அடுத்த முறை கொடுக்க 90 நாள் ஆக வேண்டும். பெண் என்றால் 120 நாள். மூன்று வாரத்துக்கு ஒரு யூனிட் என்று கணக்குப் போட்டால், ஒரே ஒரு குழந்தைக்கு ஐந்து ஆண்களாவது முறைவைத்து வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வரிசை குலைந்துவிடும். காசு கொடுத்து ரத்தம் வாங்குவது உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1998 ஜனவரியோடு இந்த நாட்டில் முடிந்துபோன கதை. அது முடிந்தது நல்லதுதான். அதன் பிறகு இந்தக் குழந்தைகளுக்கு இருப்பது, கூப்பிட்டால் வருகிற மனிதர்கள் மட்டும்தான்.

அந்த மனிதர்களைப் பற்றி என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, இவ்வளவும் எக்செலிலும் இருக்கிறது. உண்மையான தகவல் நோட்டின் ஓரத்தில் பென்சிலில் இருக்கும். 'லேத் பட்டறையில் நைட் ஷிப்ட், காலை பத்துக்கு மேல் கூப்பிடவும்.' 'வண்டி இல்லை, கூட்டிவர ஆள் அனுப்பணும்.' 'போன முறை ஹீமோகுளோபின் குறைந்தபட்ச அளவான 12.5 இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வருத்தத்தில் இருக்கிறார், முதலில் உடம்பை விசாரிக்கவும்.' 'சனிக்கிழமை மார்க்கெட் வேலை, கேட்கவே வேண்டாம்.' இதெல்லாம் ஒரு ஃபைலை அனுப்பி வைப்பதால் இன்னொருவருக்குப் போய்ச் சேராது. அவர் நம்மோடு ரத்த வங்கிக்கு வந்து, அந்தக் கொடையாளர் டீ குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் போய்ச் சேரும்.

அதனால்தான் சொல்கிறேன். கம்பெனியை விட்டு விலக மூன்று மாத நோட்டீஸ் கொடுக்கிறோம். வாடகை வீட்டைக் காலி செய்ய முன்கூட்டியே சொல்கிறோம். சேவையிலிருந்து மட்டும் விமானம் ஏறும் வாரத்தில் "நண்பர்களே, பணிச்சூழல் காரணமாக விலகுகிறேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். சம்பளம் இல்லாததால் அதற்குக் கெடுவும் இல்லை என்று ஆகிவிட்டது. தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட பொறுப்புக்கு, கையெழுத்துப் போட்டு எடுத்ததைவிட அதிக நாள் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நம்மைக் கேள்வி கேட்க அங்கே யாருமே இல்லை என்பதுதான் காரணம்.

இப்படி விலகி நிற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. குடும்பத்தில் நோய், வேலை இழப்பு என்று வந்தால் அன்றே நிறுத்த வேண்டியதுதான். ஆனால் இடம்பெயர்வு அப்படித் திடீரென்று வருவதில்லையே. மொழித் தேர்வு, சான்றிதழ் மொழிபெயர்ப்பு, விசா நேர்காணல் என்று நமக்கே நீண்ட காலம் கிடைக்கிறது.

நடைமுறையில் நான் செய்வது இதுதான். ஊர் மாறும் முடிவு உறுதியான உடனே குழுவிடம் சொன்னேன், அலுவலகத்தில் சொல்லும் முன்பே. ஒரு கல்லூரி மாணவியும், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் பொறுப்பேற்க முன்வந்தார்கள். குழுவுக்கென்று தனி சிம் கார்டு வாங்கி, மருத்துவமனைகளில் இருந்த என் சொந்த எண்ணை எல்லாம் மாற்றச் சொன்னேன். என் பழைய எண்ணை பேங்க் ஓடிபி வருவதற்காக வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஜெர்மனியில் நான் தூங்கும் நேரத்தில் கோவையில் ஒரு அம்மா அந்த எண்ணுக்கு அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம், கொடையாளர்கள் ஒவ்வொருவரிடமும் "உங்கள் நம்பரை இவர்களிடம் கொடுக்கலாமா?" என்று கேட்ட பிறகுதான் கொடுக்கிறேன். சிலர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பெயரை நீக்கிவிட்டேன். நம்மை நம்பிக் கொடுத்த எண்ணை மொத்தமாக அடுத்தவர் போனில் ஏற்றுவது சரியில்லை.

இதில் வெளியூர்ப் பயணம் தடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது பயிற்சியாக அமைந்தது. நான் டாக்காவில் இருக்கும்போது வந்த அழைப்புகளை அவர்கள் இருவருமே சமாளித்தார்கள். கேட்டால் மட்டும் பேசினேன்.

உண்மையில் மோதிக்கொள்வது பயணமும் விசாவும்தான். விசாவுக்கு பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் அது திரும்பி வரும்வரை வெளிநாட்டு டூர் கிடையாது. இதை மேலாளரிடம் முன்பே பேசி, அந்த வாரங்களில் ஆமதாபாத், லூதியானா வேலைகளை வாங்கிக்கொண்டேன். சென்னையில் அலுவலக மீட்டிங் வைத்தால் அதே பயணத்தில் சான்றிதழ் வேலையையும் முடித்துவிட்டு இரவு சேரன் எக்ஸ்பிரஸில் திரும்பிவிடலாம். முதன்முறையாக ஆப்பிரிக்கப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டால் நான்கு வாரம் ரத்தம் கொடுக்க முடியாது. ஆகவே முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். ஆவண வேலையில் பாதிக்கு மேல் மனைவிதான் சுமக்கிறார். அவருடைய நர்சிங் சான்றிதழ்களில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் என் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்கே தனியாக ஒரு கட்டுக் காகிதம். "ஏனுங்க, பாப்பாவோட தடுப்பூசி அட்டை எங்கீங்க?" என்று நான் ராஜ்கோட்டில் இருக்கும்போது கேட்டார். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் பள்ளியில் சேரும் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும்; நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா பேனாவில் எழுதித் தந்த அந்த மடங்கிய அட்டைதான் சான்று. வீட்டில் இல்லாத நாட்களில் இப்படி எல்லாம் அவர் தலையில் விழுகிறது. அதனால் ஊரில் இருக்கும் மாலைகளில் குழு வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். சேவை என்ற பெயரில் வீட்டிலிருக்கும் ஒருவரின் தூக்கத்தை எடுத்துக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

போன வாரம் ஒரு தலசீமியா குழந்தையின் அம்மா கேட்டார்: "அண்ணா, நீங்க போயிட்டா யாரைக் கூப்பிடறதுங்க?" புதிய எண்ணைக் கொடுத்து, அங்கேயே அதற்கு அடிக்கச் சொன்னேன். மாணவி எடுத்து, குழந்தையின் பெயரையும் அடுத்த தேதியையும் அவரே சொன்னார்.

ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியிருக்கும், முகாம்கள் குறையும், ரத்த வங்கிகளில் இருப்பு இறங்கும். கோவை, திருப்பூர் பக்கம் இருப்பவர்கள், 18 வயது ஆனவர்கள், அந்த இரண்டு மாதத்துக்கு முறைவைத்து வர முடியுமானால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். புதிய பொறுப்பாளர்கள் உங்களை அழைப்பார்கள். எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.