ராஜீவ் கொலை: எந்தச் சந்தேகத்தை நம்பலாம்?

மே மாதம் பிறந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் பற்றிய வீடியோக்கள் வரிசை கட்டி வந்துவிடும். சிங்கப்பூரில் இந்தப் பேச்சுக்குத் தனிச் சுவை உண்டு. தேக்கா கோப்பிக் கடையில் ஒரே மேசையில் தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்தவர், யாழ்ப்பாணத்துத் தாத்தாவின் பேரன், இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என மூவர் உட்கார்ந்திருப்பார்கள். மூவருக்கும் மூன்று குற்றவாளிகள்: அமெரிக்காவின் சிஐஏ, இஸ்ரேலின் மொசாட், டெல்லிச் சாமியார் சந்திராசாமி. நடுவில் புகுந்து "புலிகள்தானே?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் இவ்வளவு அப்பாவியாக இருக்கிறீர்களே" என்ற பார்வை மூன்று பக்கமிருந்தும் வரும்.

இதைச் சதிக் கோட்பாடு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1991 மே 21 இரவு நடந்தது சதிதான். நீதிமன்றமே கொலைச் சதி என்றுதான் தண்டனை கொடுத்தது. ஆகவே சதி உண்டா இல்லையா என்ற சண்டை வீண். யாருடைய சதி, அதற்கு என்ன ஆதாரம் என்பதுதான் கேள்வி.

கையில் இருப்பதை முதலில் பார்ப்போம். கொலைக் குழுவே கூட்டி வந்த ஹரிபாபு என்ற புகைப்படக்காரர் குண்டுவெடிப்பில் இறந்துபோனார். அவருடைய கேமரா பிழைத்தது. கையில் மாலையுடன் நிற்கும் மனித வெடிகுண்டு தாணு, வெள்ளை குர்தாவில் பத்திரிகையாளர் போல நிற்கும் குழுத் தலைவன் சிவராசன் இருவரும் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். அந்தப் படச்சுருள் இல்லாவிட்டால் சிறப்புப் புலனாய்வுக் குழு எங்கே ஆரம்பித்திருக்கும் என்றே தெரியவில்லை. அதே சிவராசனின் பெயர் 1990 ஜூனில் சென்னையில் புலிகளின் போட்டி இயக்கமான ஈபிஆர்எல்எஃப்பின் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் கொல்லப்பட்ட வழக்கிலும் வருகிறது. 1991 மே 7 அன்று சென்னையில் வி.பி. சிங் கலந்துகொண்ட கூட்டத்தில் இதே குழு ஒத்திகை பார்த்திருக்கிறது. சிவராசனுக்கும் புலிகளின் உளவுப் பிரிவுத் தலைவர் பொட்டு அம்மானுக்கும் இடையே போன சங்கேத வயர்லெஸ் செய்திகள் உடைத்துப் படிக்கப்பட்டன. படம், ஒத்திகை, வயர்லெஸ் எல்லாம் தனித்தனி இடங்களிலிருந்து கிடைத்தவை. ஒன்றை யாரோ ஜோடித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் மற்றவை அப்படியே நிற்கும். காரணமும் மர்மம் இல்லை: 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை ஈழத்தில் இருந்தது, ராஜீவ் மறுபடி பிரதமரானால் அது திரும்பி வரலாம் என்ற கணக்கு. 2002இல் கிளிநொச்சிச் செய்தியாளர் கூட்டத்தில் பிரபாகரனிடமே இதைக் கேட்டார்கள். துன்பியல் சம்பவம் என்றார், அதற்கு மேல் பேச விரும்பவில்லை. "நாங்கள் செய்யவில்லை" என்று சொல்ல உலகப் பத்திரிகைகள் எல்லாம் எதிரில் உட்கார்ந்திருந்த நாள் அது.

சரி, அப்படியென்றால் அதிகாரபூர்வக் கதையில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது, பெரிய ஓட்டை. அதன் பெயர் பேரறிவாளன், இந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர்.

கைதானபோது அவருக்கு 19 வயது. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டின் மையம். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013இல் வெளியே வந்து பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த ஒரு வரி இல்லாத வாக்குமூலத்தை வைத்துத்தான் தூக்குத் தண்டனை. தங்கள் நோக்கம் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று 1991 மே 7 அன்று சிவராசன் வயர்லெஸ்ஸில் சொன்ன செய்தியும் வழக்கின் ஆவணங்களிலேயே இருக்கிறது. புலிகளைக் காட்டிக்கொடுக்கும் அதே சான்று பேரறிவாளனுக்குச் சாதகமாகவும் பேசுகிறது, கவனியுங்கள். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது, தடா சட்டப்படியான பயங்கரவாதக் குற்றமும் நிற்காது என்றது. பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2022 மே 18 அன்று. குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல, உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவின்படி கிடைத்த விடுதலை. ஆனாலும் முப்பது வருடங்களுக்கு மேல் போய்விட்டதே.

நான் நம்பும் சந்தேகம் இப்படித்தான் இருக்கும். இன்ன அதிகாரி, இன்ன வாக்கியம், இன்ன பேட்டரி என்று கையை வைத்துக் காட்டலாம். தப்பென்றால் தப்பென்று நிரூபிக்கவும் வழி உண்டு. தோண்டத் தோண்ட இன்னும் தெளிவாகிறது.

மொசாட், சிஐஏ கதைகளைத் தோண்டினால் நேர்மாறாக நடக்கிறது. "யார் சொன்னது?" என்று கேட்டால் "இதெல்லாம் வெளியே வருமா தம்பி?" என்பார்கள். ஆதாரம் இல்லாததே ஆதாரமாகிவிடுகிறது. எனக்குப் புரியாத இன்னொன்று: இவ்வளவு கைதேர்ந்த உளவு நிறுவனம் நடத்திய வேலையில், கொலையைப் படமெடுக்க ஒரு புகைப்படக்காரரை ஏன் கூட்டிப் போனார்கள்? சாதனையைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் இயக்கம் செய்கிற காரியம் அது. கைவரிசையை மறைக்க வேண்டியவன் செய்வானா?

அடுத்தது "யாருக்கு லாபம்?" என்ற கேள்வி. கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கும். 1991 தேர்தலில் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளையும் அதிமுக–காங்கிரஸ் கூட்டணி அள்ளியது. லாபக் கணக்குப்படி அவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டிவரும், அபத்தம். எந்தப் பெரிய சாவிலும் யாரோ ஒருவருக்கு லாபம் இருக்கும். விசாரணையை எங்கே ஆரம்பிக்கலாம் என்பதற்கு அந்தக் கேள்வி உதவும், தீர்ப்பு எழுத உதவாது.

"கூட்டத்துக்கு வந்த மற்ற பெரிய தலைவர்கள் யாரும் சாகவில்லையே", "பாதுகாப்பு ஏன் அவ்வளவு மோசம்" என்பவை கொஞ்சம் கனமான கேள்விகள். இரண்டாவதை, பாதுகாப்புக் குறைபாடுகளை ஆராய அமைத்த வர்மா கமிஷன் விசாரித்தது. பதவியிலிருந்து இறங்கியவருக்கு எஸ்பிஜி என்ற சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவலை விலக்கிய மத்திய அரசு ஈடான மாற்று ஏற்பாடு செய்யவில்லை, கூட்டத்தைக் கட்டுப்படுத்த விடாமல் கட்சிக்காரர்களே குளறுபடி செய்தார்கள் என்று அது சொன்னது. அலட்சியத்துக்கு இத்தனை பேர் பொறுப்பு என்பதை ஏற்க மனசு வராது. பின்னால் ஒரு மகா மூளை இருந்தது என்றால் ஏனோ ஆறுதலாக இருக்கிறது. 1991 ஆகஸ்டில் பெங்களூரு அருகே கோணனகுண்டேயில் சிவராசனை உயிரோடு பிடிக்காமல் கோட்டைவிட்டதும் அப்படித்தான். வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டுக் காத்திருந்தார்கள் என்பது உண்மை, திட்டலாம். வாயை அடைக்கவே காத்திருந்தார்கள் என்றால் அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். உள்ளே இருந்தவர்கள் கழுத்தில் சயனைடு குப்பியோடு திரிந்தவர்கள்.

இந்த இடத்தில் கென்னடி கொலையிலிருந்து ஒரு சங்கதி. 1963 நவம்பர் 22, டாலஸ், நல்ல வெயில். கென்னடியின் கார் வரும்போது ஓரத்தில் ஒருவர் மட்டும் கறுப்புக் குடை பிடித்து நிற்கிறார். சுடுவதற்குச் சைகை காட்டினார், குடைக்குள் விஷ அம்பு இருந்தது என்றெல்லாம் எழுதித் தள்ளினார்கள். 1978இல் அந்த மனிதரே நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஹிட்லரோடு சமரசம் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் அடையாளம் குடை. கென்னடியின் அப்பா அந்தச் சமரசத்தை ஆதரித்தவர். மகனைக் கேலி செய்யத்தான் குடை பிடித்தாராம்! எந்த எழுத்தாளனும் துணிந்து கற்பனை செய்யாத விளக்கம். ஒரு நிமிடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இப்படி விசித்திரமான ஏதாவது ஒன்று கண்ணில் படத்தான் செய்யும்.

இனி என் தரப்பு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கை இருந்திருக்கவே முடியாது என்று நீங்களும் அடித்துச் சொல்லாதீர்கள். கொலைக்குப் பின்னால் இருந்த சதியை விசாரித்த ஜெயின் கமிஷன் 1998இல் தந்த இறுதி அறிக்கை, சந்திராசாமி உட்பட இன்னும் விசாரிக்க வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள் என்றது. அதற்காகவே அந்த ஆண்டு ஒரு பல்துறைக் கண்காணிப்பு முகமை அமைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டு 2022இல் சத்தமில்லாமல் கலைக்கப்பட்டது. இவ்வளவு காலம் என்ன தேடினார்கள், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று மக்களிடம் சொல்ல வேண்டாமா? வதந்திக்குத் தீனி போடுவது யூடியூப் மட்டுமா? அமெரிக்கா கென்னடி கோப்புகளை 1992இல் சட்டம் போட்டு, இழுத்தடித்து இழுத்தடித்தாவது 2025 வரை வெளியிட்டது. டெல்லியும் அந்த முகமையின் கோப்புகளைத் திறக்கட்டும். அதில் ஒரு வெளிநாட்டுப் பெயரும், ஒரு பணப் பரிமாற்றமும், அதை உறுதிசெய்யும் இன்னொரு தனிச் சான்றும் இருந்தால், அந்தக் கோப்பிக் கடை மூவரில் யாருடைய குற்றவாளி ஜெயித்தான் என்று நானே இங்கே எழுதுகிறேன். அதுவரை எனக்கு வீடியோ அனுப்புகிறவர்கள், தயவுசெய்து எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.