ரேப்பியர் வந்தால் மீட்டர் கூடும். ஆள்?

நாடா இல்லாமல் வேகமாக ஓடும் ரேப்பியர் தறி விசைத்தறி ஷெட்டுகளில் இறங்குவதைப் பற்றி, "ஆள் கிடைக்கல, அதான் ரேப்பியர் போடுறாங்க" என்று எழுதுகிறவர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்ச்சுக்கு 56 ஊடை (குறுக்கு நூல்) உள்ள சாதாரணத் துணி என்றால் மீட்டருக்குச் சுமார் 2,200 ஊடை. சேலம் மாவட்டம் தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் ஓடுகிற நாடாத் தறி (நாடா அங்குமிங்கும் ஓடி ஊடை போடும் பழைய விசைத்தறி) நிமிடத்துக்கு 120 ஊடை போடும் என்று வைத்துக்கொள்வோம். தார் (நாடாவுக்குள் வைக்கும், ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்ற, அறுந்த இழையைக் கட்ட நிற்கும் நேரம் போக 80 சதவீதம் ஓடினால் 12 மணி ஷிப்டில் தறிக்கு 31 மீட்டர். ஓர் ஆள் 4 தறி பார்த்தால் 125. ரேப்பியர் 350 ஊடை, 85 சதவீதம் ஓட்டம்: தறிக்கு 97 மீட்டர். ஓர் ஆள் 6 தறி பார்த்தால் 580. 10,000 மீட்டருக்கு 80 ஷிப்ட் ஆள் வேண்டியிருந்த இடத்தில் 18 போதும். துணி விற்பனை நாலரை மடங்கு கூடினால்தான் அத்தனை பேருக்கும் வேலை இருக்கும். கூடுமா?

முதலில் வேலை போவது தறி ஓட்டுகிறவருக்கு அல்ல, தார் சுற்றுகிறவருக்கு. ரேப்பியரில் ஊடை நூல் கோனிலிருந்து நேராகப் போகிறது, தாரே கிடையாது. தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும்தான். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாததால், போன வேலைக் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை.

முதலாளிக்கும் இது நோகாத லாபம் இல்லை. வேகம் கூடினால் பாவில் (நீள நூலில்) இழுவை கூடும். கஞ்சி சரியாக ஏறாத நூல் பட் பட்டென்று அறும். தறிக்கு மணிக்கு 6 அறுப்பு, கட்ட ஒரு நிமிடம் என்றால் ஆறு தறிக்கு 36 நிமிடம் போச்சு, நடக்கிற நேரம் தனி. அதுவே 10 அறுப்பானால் மணி முழுக்கக் கட்டுவதுதான் வேலை. அந்த 85 சதவீதம் காகிதத்தோடு சரி. நல்ல நூல் வாங்காமல் ஆளை மட்டும் குறைத்த ஷெட்டில் இதுதான் நடக்கும்.

கூலிக்கு வருவோம். மீட்டர் ரேட்டை நாலில் ஒரு பங்காகக் குறைத்தாலும் ஓட்டுகிறவருக்குத் தினக்கூலி 16 சதவீதம் கூடும், அவரும் சரி என்பார். உற்பத்தி கூடியதோ நாலரை மடங்கு! மிச்சம் முழுக்க ஷெட்காரர் மடியில் விழுகிறது என்றும் சொல்ல முடியாது. அதில் ஒரு பகுதி மெஷின் தவணைக்குப் போகும். பக்கத்து ஷெட்டிலும் ரேப்பியர் வந்துவிட்டால் ஜாப்வொர்க் ரேட்டை வியாபாரி இறக்கிவிடுவார்.

மெஷின் வாங்க 1999-லிருந்து 2022 வரை மத்திய அரசுத் திட்டங்களில் மானியம் இருந்தது. ஆளுக்கு? ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. வருகைப் பதிவேடே இல்லாத ஷெட்டில் அதை எதை வைத்து நிரூபிப்பது? முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் மட்டும் நோட்டில் பக்காவாக இருக்கும்.

இனி வரும் எந்த மானிய விண்ணப்பத்தோடும் தார் சுற்றுகிறவர் உட்பட ஷெட்டில் வேலை செய்யும் எல்லார் பெயரும் கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். மெஷின் இறங்கும் முன் அந்தப் பட்டியலில் இருந்து நிறுத்தப்படுகிறவருக்கு இழப்பீடு கொடுத்து, அட்வான்ஸைக் கழித்துவிட வேண்டும். இதைச் செய்யாத ஷெட்டுக்கு மானியத்தை நிறுத்துங்கள்.