பேய்க்கு ஒரு கணக்கு, வைரஸுக்கு ஒரு கணக்கு

கொள்ளைநோயில் உலகம் அழிகிறது, மிஞ்சியவர்கள் நடுவே ஒரு தீய சக்தி தலைதூக்குகிறது. இந்த வகைக் கதைகளில் பல ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன: நோயையே மாயமாக்கிவிடுகிறார்கள். சாபத்தில் வந்த காய்ச்சல், பழைய கல்லறையைத் திறந்ததும் கிளம்பும் கரும்புகை. படிப்பவருக்கு அந்த இடத்திலேயே பயம் விட்டுப்போகும். சாபம் எப்படித் தொற்றும் என்று யாருக்கும் தெரியாது. இருமல் எப்படித் தொற்றும் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் கட்சி இது: நோய் முழுக்க மனிதன் கைவேலையாக இருக்கட்டும், கணக்குப் பிசகாமல் நடக்கட்டும். அமானுஷ்யம் அப்புறம், கொஞ்சமாக வரட்டும். இதைச் சரியாகவும் தப்பாகவும் ஒரே புத்தகத்தில் செய்து காட்டியவர் ஸ்டீபன் கிங். 1978இல் வெளிவந்து, வெட்டப்பட்ட பகுதிகளோடு 1990இல் மறுபடி வந்த 'தி ஸ்டாண்ட்' நாவலைச் சொல்கிறேன். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் நோய். ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து கிருமி கசிகிறது. காவலாளி ஒருவன் மனைவி, குழந்தையோடு காரில் தப்பி, டெக்சாஸில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வந்து மோதுகிறான். அங்கிருந்து ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர், அவர் வேகத்துக்காக மடக்கிய இன்சூரன்ஸ் ஆள், அவர் சாப்பிட நுழைந்த கடை என்று யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கிங் கைமாற்றுக் கணக்கு மாதிரி எழுதிக்கொண்டே போகிறார். அந்த அத்தியாயத்தில் பேயே கிடையாது. புத்தகத்திலேயே மிகவும் பயமுறுத்தும் அத்தியாயமும் அதுதான்.

நாவலில் நோய் 99.4 சதவீதம் பேரைக் கொல்கிறது. நிஜத்தில் இப்படி ஒரு நோய் அமைவது கடினம். பெரியம்மை கொன்றது தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம். ரேபிஸ் அறிகுறி காட்டிவிட்டால் பிழைப்பது அரிது, ஆனால் அது மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை என்றே சொல்லலாம். ஆளை உடனே படுக்கையில் தள்ளும் நோய் ஊர் சுற்றாது. ஆகவே எழுதுகிறவர் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும்: நோயாளி நடமாடும்போதே பரவ வேண்டும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைப் பிடிக்கவும் கூடாது. கிங்கின் வைரஸ் சாதாரணச் சளி போலத் தொடங்குகிறது, உடம்பு அடையாளம் காணுமுன் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு ஓட்டையும் அடைபட்டன. சிலர் மட்டும் ஏன் தப்பித்தார்கள் என்பதை அவர் விளக்கவில்லை. விளக்காததே நல்லது.

அடுத்தது தலைக்கணக்கு. 1990இல் அமெரிக்க மக்கள்தொகை சுமார் 24.9 கோடி. அதில் 0.6 சதவீதம் என்றால் ஏறக்குறைய 15 லட்சம் பேர். 5,000 பேர் வாழ்ந்த சிற்றூரில் 30 பேர் மிஞ்சுவார்கள். அந்த முப்பதில் மருத்துவர் இருப்பாரா, மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் இருப்பாரா? இதைப் போட்டுப் பார்க்காமல் இரண்டாம் அத்தியாயத்திலேயே படை திரட்டுகிற கதைகளை நான் மூடி வைத்துவிடுவேன். மிஞ்சியவர்களும் முழுசாக மிஞ்ச மாட்டார்கள். கிங் அதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார்: நோயில் தப்பிய சிறுவன் கிணற்றில் விழுகிறான், ஒரு பெண் குளிர்பதன அறைக்குள் மாட்டிக்கொள்கிறாள்.

பொருட்களுக்கும் ஆயுள் உண்டு. திறந்த இன்சுலின் குப்பி சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 28 நாள் தாங்கும். பெட்ரோல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் கெட ஆரம்பிக்கும். ஐந்து வருஷம் கழித்தும் கார் துரத்தல் வைப்பவர்கள், அந்தப் பெட்ரோல் எங்கே சுத்திகரிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு வைக்கட்டும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து எண்ணெய் எடுக்கவே மின்சாரம் வேண்டும், இல்லாவிட்டால் கைப் பம்பும் குழாயும் வேண்டும்.

நாவலில் மிஞ்சியவர்களில் ஒரு சாரார் கூடும் போல்டர் நகரில் மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவரும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. செத்தவர்கள் விளக்கு, அடுப்பு, ஏசி எதையும் அணைத்துவிட்டுச் சாகவில்லை. மின்சாரம் வந்த நொடியில் மொத்தச் சுமையும் ஒன்றாக ஏறி எல்லாம் பொசுங்கிப் போகிறது. அதன்பின் வீடு வீடாகப் போய் சுவிட்சை அணைக்க ஒரு குழு, பிணங்களைப் புதைக்க இன்னொரு குழு. நாகரிகம் திரும்புவதை இதைவிட நம்பும்படி எழுதிக் காட்டிய கதை குறைவு.

இவ்வளவு மண் கெட்டிப்பட்ட பிறகுதான் பேய் நிற்க முடிகிறது. அமானுஷ்யம் முதலில் கனவாக மட்டுமே வருகிறது. நெப்ராஸ்காவின் சோளக்காட்டருகே 108 வயதுக் கிழவி அபிகேல் ஒரு பக்கம், முகம் தெரியாத இருள் மனிதன், கதையின் வில்லன் ஃபிளாக் இன்னொரு பக்கம். யாரிடம் போவது என்பதைக் கனவு காண்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஃபிளாக்கின் சக்திக்கும் ஓட்டை உண்டு. ஃபிளாக்கை வேவு பார்க்கப் போல்டர்காரர்கள் அனுப்பும் மூன்றாவது ஒற்றன் மனவளர்ச்சி குன்றிய டாம். அவனைத் தேடினால் ஃபிளாக்குக்கு நிலா மட்டுமே தெரிகிறது. எதைச் செய்ய முடியாது என்று தெரிந்தால்தான் வில்லன் மீது பயம் வரும்.

சறுக்கல் ஃபிளாக்கின் கோட்டையான லாஸ் வேகஸில். அணுகுண்டு அங்கே வந்து சேர்வதில் எனக்குக் குறை இல்லை. அதைக் கொண்டுவருபவன் ஃபிளாக்கின் ஆளேதான், தீ வைக்கும் வெறி பிடித்தவன், தலைவனிடம் மன்னிப்பு வாங்கத் தூக்கிவருகிறான். அதுவரை எல்லாம் மனிதக் காரணம். வெடிக்க வைப்பது மட்டும் வானிலிருந்து இறங்கும் கடவுளின் கை. ஃபிளாக்கை எதிர்க்கப் போல்டரிலிருந்து நடந்தே வந்தவர்கள் அந்த வெடிப்புக்கு எதுவும் செய்யவில்லை. அவர்கள் செய்த தியாகமே போதும் என்று வாதாடுபவர்கள் உண்டு. இறையியலாக அது சரி, கதையாகக் கடன் பாக்கி.

வேடிக்கை என்னவென்றால் சரியான வழி அதே புத்தகத்தில், சில பக்கங்கள் தள்ளி இருக்கிறது. போல்டரிலிருந்து நடந்து கிளம்பியவர்களில் ஒருவனான ஸ்டூ, வழியில் கால் உடைந்து, காய்ச்சலில் சாகக் கிடக்கிறான். துணைக்கு இருக்கும் மனிதன் டாம் மட்டும். இறந்துபோன நண்பன் நிக் டாமின் கனவில் வந்து எந்த மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொல்கிறான். ஆவி சொன்னது அவ்வளவுதான். மருந்தைத் தேடி எடுத்து, நோயாளியின் வாயில் போட்டு, அவன் தேறும்வரை காவல் இருந்தது எழுதப் படிக்கத் தெரியாத டாம்.