ஆக்ராவுக்குக் கடை பார்க்கவா போனோம்?

டெல்லியில் குடித்தனம் நடத்துகிற எந்தத் தமிழரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் முதலில் கேட்பது ஆக்ராவைத்தான். கூட்டிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு சலிப்பும் கிடையாது, அந்த ஊர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. என் வயிற்றெரிச்சலே வேறு. அங்கே போய் இறங்கின நிமிஷத்திலிருந்து நம்முடைய பொழுது நம் கையில் இல்லை. டிரைவர், கைடு, ஹோட்டல்காரர், கடைக்காரர் என்று ஆளாளுக்குப் பிய்த்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் மிஞ்சுவது தாஜ்மகால் முன்னால் எடுத்த நாலு போட்டோவும் வீட்டில் யாருக்கும் தேவைப்படாத ஒரு கல் டப்பாவும்தான்.

போன டிசம்பரில் பெரியப்பா வந்திருந்தார். கும்பகோணத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க வரலாறு நடத்தியவர். பாபரிலிருந்து ஔரங்கசீப் வரைக்கும் கரும்பலகையில் எழுதி எழுதியே தலை நரைத்தவர், ஒரு கட்டடத்தையும் நேரில் பார்த்ததில்லை. முதல் நாள் ராத்திரியே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டார்: தாஜ், கோட்டை, இத்மத்-உத்-தௌலா. "நூர்ஜஹான் அவ அப்பாவுக்குக் கட்டினதுடா, அதைப் பாக்காம வரக் கூடாது" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றுமே யமுனையை ஒட்டி இருக்கின்றன. அந்தக் கடைசிக் கட்டடம் அக்கரையில், எக்ஸ்பிரஸ்வேக்குத் திரும்புகிற பக்கத்திலேயே இருக்கிறது. விடியற்காலை கிளம்பினால் மூன்றையும் நின்று நிதானமாகப் பார்க்க முடியும்.

வண்டியில் ஏறும்போதே டிரைவரிடம் இந்தியில் தெளிவாகச் சொன்னேன், எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது என்று. "சரி சார்ஜி" என்றார். தாஜ் முடிந்தது, அவர் சொன்ன ஹோட்டலில்தான் சாப்பாடு, அதையும் பொறுத்துக்கொண்டோம். கோட்டைக்குப் போகிற வழியில் வண்டி ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றது. "அஞ்சே நிமிஷம் சார்ஜி, கவர்மெண்ட் அங்கீகாரம் உள்ள இடம், பாக்கக் காசு கிடையாது." நான் வாயைத் திறப்பதற்குள் சாவியை உருவிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். எழுபது வயசு தாண்டிய மனுஷரை வைத்துக்கொண்டு அந்த வாசலில் எவ்வளவு நேரம் நிற்பது?

அது பளிங்குச் சாமான் விற்கிற கடை. உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறேன், போனவர்களுக்கு ஞாபகம் வரும். வாசல் பக்கம் ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கையால் வில்லை இழுத்து சாணைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, மறு கையில் நகக்கணு அளவு சிவப்புக் கல்லைப் பிடித்து இதழ் வடிவத்துக்குத் தேய்ப்பார். விரல் நுனியெல்லாம் தேய்ந்து தழும்பேறிக் கிடக்கும். அந்த வேலை நிஜம், அந்த மனுஷரின் திறமையும் நிஜம். ஆனால் அவரை நம்மிடம் பேச விட மாட்டார்கள். சட்டை போட்ட ஒருவர் வந்து மனப்பாடம் பண்ணின பேச்சை ஆரம்பிப்பார். ஷாஜஹான் காலத்துக் கைவினைஞர்களின் வாரிசுகள், மக்ரானா பளிங்கு, மஞ்சள் கொட்டினாலும் கறை பிடிக்காது. அப்புறம் மாடிக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, மேசைப் பலகைக்குக் கீழே டார்ச் அடிப்பார்கள். சிவப்புக் கல் கங்கு மாதிரி எரியும். விளக்கைப் போட்டதும் டீ வரும். டீயைக் குடித்த பிறகு சும்மா எழுந்து வருவது எப்படி? லட்சத்தில் ஆரம்பித்து, ஆயிரத்துக்கு இறங்கி, கடைசியில் "உங்க திருப்திக்கு ஒண்ணாவது" என்று ஒரு சின்ன டப்பாவில் வந்து நிற்கும். வேண்டாம் என்று சொன்னதும் அதுவரை சிரித்த முகம் சட்டென்று இறுகிப் போகும் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவே இல்லை. பெரியப்பாவை, விருந்துக்கு அழைத்தவர் எழுந்து போகச் சொன்ன மாதிரி நடத்தினார்கள்.

ஐந்து நிமிஷம் என்றது இரண்டு மணி நேரத்தைத் தின்றது. அந்த இரண்டு மணி நேரம் யாருடையது? கோட்டைக்குள் ஓடினோம். 1565-இல் அக்பர் தொடங்கிய கோட்டை. மகனிடம் சிறைப்பட்டு, 1658-லிருந்து 1666-இல் சாகும்வரை ஷாஜஹான் அடைந்து கிடந்த இடம் அது. அந்தப் பக்கம் நின்று தாஜைப் பார்க்க வேண்டும் என்று பெரியப்பா வருஷக்கணக்காக நினைத்திருந்தவர். மூச்சு வாங்க வந்து ஒரு நிமிஷம் நின்றார், நான் கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்ததும் டிரைவர், "பனி இறங்கிரும் சார்ஜி, எக்ஸ்பிரஸ்வேல போக முடியாது, உடனே கிளம்பணும்" என்கிறார். கடையில் நிறுத்தும்போது அந்தப் பனி எங்கே போயிருந்தது?

இத்மத்-உத்-தௌலாவைப் பார்க்காமலே பெரியப்பா திரும்பினார். அவர் விட்டது என்ன என்று தெரிந்தால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். பாரசீகத்திலிருந்து வந்து ஜஹாங்கீரின் முதன்மை அமைச்சராக உயர்ந்த மிர்சா கியாஸ் பேக்கின் சமாதி அது. 1622-இல் அவர் இறந்த பிறகு, நூர்ஜஹான் முன்நின்று 1628 வாக்கில் கட்டி முடித்தாள். தாஜுக்கு முன்னாலேயே முழுக்க வெள்ளைப் பளிங்கில் எழும்பிய சமாதி. சுவர் முழுக்கப் பூச்சாடி, பழம், சைப்ரஸ் மரம், மதுக்குடுவை என்று பளிங்கைக் குடைந்து வண்ணக் கல் பதித்திருப்பார்கள், கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். அந்த மிர்சாவின் பேத்திதான் மும்தாஜ். கடைக்காரர் விளக்கை அணைத்து டார்ச் அடித்து எந்த வேலையைக் காட்டினாரோ, அதே வேலையின் உச்சம் அக்கரையில் கூட்டமில்லாமல், வெயில் வெளிச்சத்தில் நிற்கிறது. அசலைப் பார்க்க விடாமல் நகலைக் காட்டி நாளை முடிக்கிறார்கள். சிக்கந்தராவில் அக்பர் சமாதி, சீனி கா ரௌசா என்கிற சமாதி, ராம் பாக் தோட்டம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒரு கட்டடத்தையும் மூன்று கடைகளையும் பார்த்துவிட்டு ஆக்ரா முடிந்தது என்று திரும்புகிறவர்கள்தான் நான் அறிந்தவரை அதிகம்.

திரும்பும்போது டிரைவரிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம் சொன்னார்: நாங்கள் ஏதாவது வாங்கினால் கமிஷன், வாங்காவிட்டாலும் ஆளைக் கொண்டுவந்து இறக்கினதற்கு ஒரு தொகை. டிராவல்ஸ் முதலாளி கொடுக்கிற பேட்டா டீக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போகிறதாம், "மீதியை ஆக்ராவில் பார்த்துக்கோ" என்றே சொல்லி அனுப்புகிறாராம். அவர் மேலிருந்த கோபம் பாதி அங்கேயே முதலாளி மேல் திரும்பிவிட்டது. என்னிடம் முழு நாள் வாடகை, சுங்கம், பார்க்கிங் எல்லாம் கறாராக வாங்கிக்கொண்டு, ஓட்டுகிறவனுக்குக் கூலி கொடுக்காமல் என் நேரத்தையே கூலியாக எழுதிக் கொடுக்க இவர் யார்?

டிரைவரிடம் தப்பித்தால் தாஜ் வாசலில் கைடுகள். அரசு அடையாள அட்டையோடு, பொறுப்பாக விளக்கிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. சட்டைப் பையில் ஏதோ ஒரு அட்டையைச் சொருகிக்கொண்டு "மேற்கு வாசல் இன்னிக்கு மூடியாச்சு", "டிக்கெட் தீந்துபோச்சு", "என்னோட வந்தா வரிசை கிடையாது" என்று வாய் கூசாமல் பொய் சொல்கிற கூட்டத்தைத்தான் சொல்கிறேன். இந்தியருக்கு 50 ரூபாய், சமாதி மேடைக்குள் போக இன்னும் 200, டிக்கெட் எடுத்தால் மூன்று மணி நேரம். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லவா அவருக்கு ஐநூறு ரூபாய்?

உள்ளே போனால் அதே கைவெட்டுக் கதை. தாஜைக் கட்டி முடித்ததும் இருபதாயிரம் பேரின் கையை ஷாஜஹான் வெட்டிவிட்டானாம். அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இதற்கு ஆதாரம் கிடையாது. பெரியப்பாவுக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "ஏம்பா, தாஜுக்குத் தலைமைக் கட்டடக் கலைஞர்னு சொல்ற உஸ்தாத் அகமது லாகோரிதானே அப்புறம் டெல்லி செங்கோட்டைக்கும் வேலை பாத்தாரு? கையில்லாமலா பாத்தாரு? எழுத்து பொறிச்ச அமானத் கான் தன் பேரையே கல்லுல போட்டுட்டுப் போயிருக்காரே!" என்று தமிழில் பொரிந்து தள்ள, நான் இந்தியில் சொன்னேன். கைடு தோளைக் குலுக்கிவிட்டு, ஷாஜஹான் தனக்காக அக்கரையில் கறுப்புப் பளிங்கில் இன்னொரு தாஜ் கட்ட நினைத்தான் என்கிற அடுத்த கதைக்குப் போய்விட்டார். அந்தக் கறுப்புத் தாஜ் இருந்ததாகச் சொல்கிற மெஹ்தாப் பாகில் 1990-களில் தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்தது தோட்டமும் எண்கோணக் குளமும். நிலா வெளிச்சத்தில் தாஜின் பிம்பம் விழுகிற மாதிரி ஒரு குளம்! அதைச் சொன்னால் எவ்வளவு அழகாக இருக்கும்! அந்த மனிதர்களின் உழைப்பைக் கேவலப்படுத்துகிற பொய்யைச் சொல்லி, உண்மையான அதிசயத்தை மறைத்துக் காசு வாங்குவதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

ஆக்ராவுக்குப் பக்கத்தில் அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரி இன்னும் மோசம். நெடுஞ்சாலையிலேயே வண்டிக்குக் குறுக்கே வந்து, அதிகாரி மாதிரி கையைக் காட்டி நிறுத்துகிறார்கள். அங்கே சூஃபி ஞானி சலீம் சிஷ்டியின் தர்கா முற்றத்தில் நுழைய ஒரு கட்டணமும் கிடையாது. அங்கே "நான் தர்காவைச் சேர்ந்தவன், காசு வேண்டாம்" என்று கூடவே ஒட்டிக்கொண்டு நடப்பார்கள். போய் முடிகிற இடம் சாதர், அதாவது சமாதி மேல் போர்த்துகிற துணி, விற்கிற கடை விரிப்பு. குழந்தை பேரைச் சொல்லு, கல்யாணமாகாத பெண் பேரைச் சொல்லு, இது ஏழைப் பெண்களுக்குப் போகும் என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். குழந்தையில்லாத என் மாமா பெண் கண்ணில் தண்ணீரோடு பர்ஸைத் திறந்ததை நான் பார்த்தேன். தர்காவின் பளிங்குச் சல்லடை ஜன்னலில் ஒரு நூலைக் கட்டி வேண்டிக்கொள்ள வந்தவளின் துக்கத்தை விலை பேசுகிறவனை என்னவென்று சொல்வது?

பூசணிக்காய் மிட்டாயான பேத்தா விற்கிற கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பெயரில் தெருவுக்கு நாலு கடை, எல்லாமே "ஒரிஜினல்". வேண்டுமானால் ரயில் நிலையப் பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் உண்மையாக நொந்துபோகிறவர் அந்தச் சாணைக்கல் முன்னால் உட்கார்ந்திருந்த கைவினைஞர். நகத்தால் கீறினாலே கோடு விழுகிற மாவுக்கல்லைப் பளிங்கு என்று தாஜ் வாசலில் விற்கிறார்கள். விலையில் பெரும்பங்கு கமிஷனாகப் போகிறது. ஏமாந்தவன் ஊருக்குப் போய் "ஆக்ராவில் எல்லாம் டூப்ளிகேட்" என்கிறான். தாஜை ஒட்டிய தாஜ்கஞ்ச் சந்துகளில் நாள் முழுக்கக் கல் தேய்க்கிறவரிடம் நேராக வாங்க ஒருத்தரையும் விடுவதில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வண்டி பேசும்போதே "கடையில் நிறுத்தினால் வாடகையில் பிடித்துக்கொள்வேன்" என்று எழுத்தில் வாங்குங்கள். டிரைவருக்குத் தனியாகக் கையில் பணம் கொடுத்துவிடுங்கள், கமிஷனை நம்ப வேண்டிய நிலைமையில் அவரை வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும், அது தெரிந்தும் புக்கிங் எடுக்கிற டிராவல்ஸ் இருக்கிறது, அங்கேயே காலை வையாதீர்கள். முடிந்தால் காரையே விடுங்கள். நிஜாமுத்தீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் 100 நிமிஷத்தில் ஆக்ரா கண்டோன்மெண்டில் இறக்கிவிடும். இறங்கினதும் முதல் வேலையாக அக்கரைக்குப் போங்கள்.