சிமெண்ட் முற்றமும் ஒரு மூட்டை அரிசியும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், எங்கள் லாபிஸ் பக்கம் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் வீடு வாங்கும் நம்மவர்கள், சாவி கைக்கு வந்ததும் முதல் காரியமாக முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். சேறு வராது, புல் வெட்ட ஆள் தேட வேண்டாம், இரண்டாவது காரையும் நிறுத்தலாம். எல்லாம் சரி. வேலியோரம் இரண்டு முழம் மண்ணையாவது விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்? அதே குடும்பம்தான் இரவுச் சந்தையில் முருங்கைக்கீரையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, விலைவாசி ஏறிவிட்டது என்று என்னிடமே வந்து அங்கலாய்க்கிறது. முருங்கைக்கு! கிளையை ஒடித்துச் செருகினால் தழைக்கிற மரத்துக்கு!

வீட்டில் கீரை போடுங்கள், அரிசி கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள் என்றால், "என்ன அண்ணே, சண்டை வரப்போகிறதா?" என்று கிண்டல் செய்கிறார்கள். சண்டை வர வேண்டியதில்லை, மழை வந்தாலே போதும். 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் ஜொகூரை வெள்ளம் இரண்டு தடவை புரட்டிப் போட்டது; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2011 ஜனவரியில் சிகாமாட் மறுபடியும் மூழ்கியது. 2023 மார்ச்சில், பருவமழை ஓய்ந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்த நேரத்தில், சிகாமாட், லாபிஸ், பத்து பகாட் என்று வரிசையாகத் தண்ணீர். நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருகிற வெள்ளம் என்று ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்கிறார்கள். நம் வட்டாரத்தில் நூறு ஆண்டு ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது போலும்.

வெள்ளத்தை விடுங்கள், வானம் தெளிவாக இருந்த நாள்களைப் பார்ப்போம். 2023 ஜூலை 20 அன்று இந்தியா, பாஸ்மதி தவிர்த்த வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகஸ்டு 25 அன்று புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. செப்டம்பர் 1 முதல் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (வெள்ளி என்றால் ரிங்கிட்) 3,200 வெள்ளிக்குத் தாவியது. உடனே எல்லாரும் பத்து கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்ளூர் அரிசியின் மீது பாய்ந்தார்கள். அது கடைகளிலிருந்து காணாமல் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியா வெங்காயத்துக்கும் தடை போட்டது. இந்த நாடு சாப்பிடும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. வெங்காயம் ஏறக்குறைய முழுவதும் அப்படித்தான், பருப்பும் அப்படித்தான். நம் வீட்டுச் சாம்பாரில் இந்த மண்ணில் விளைய வாய்ப்புள்ளது காய்கறியும் கறிவேப்பிலையும். அதற்கான மண்ணையும் சிமெண்டுக்கு அடியில் புதைத்துவிட்டோம்.

இது இன்று நேற்று வந்த பலவீனமும் அல்ல. ரப்பரும் வெள்ளீயமும் ஏற்றுமதி செய்து, அரிசியை பர்மாவிலிருந்தும் சயாம் என்ற தாய்லாந்திலிருந்தும் இறக்கிச் சாப்பிட்ட நாடு இது. இரண்டாம் உலகப் போருக்கு முன், மலாயா என்று பெயர் இருந்த காலத்தில், இந்த நாட்டின் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்ததுதான். 1942-இல் ஜப்பானியர் வந்ததும் அந்த வரத்து வற்றியது. ரப்பர்த் தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டார்கள். என் பாட்டி கடைசிவரை மரவள்ளியை வாயில் வைக்கவில்லை, அது ஜப்பான்காரன் காலத்துச் சாப்பாடாம். ஆனால் லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் அதை நடுவதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.

அதற்குப் பிறகு 1948 முதல் 1960 வரை அவசரகாலம். அரசை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக அரிசிக்குப் பங்கீடு வந்தது. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் கட்டுச்சோறுகூடக் கொண்டுபோக முடியாது. டின் உணவை விற்கும் கடைக்காரர், அங்கேயே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், வாங்கியவர் எடுத்து வைக்க முடியாதபடி. சில இடங்களில் அரிசியையே விற்கவில்லை. பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோறுதான் கிடைத்தது, அது மறுநாள் ஊசிப்போய்விடும் என்பதால். வீட்டுக்குள் நாலு நாள் உணவு இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அன்றைய அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சரி, சேர்த்து வைப்பது சுயநலம் இல்லையா என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 2020 மார்ச் 16 இரவு, கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டதும் பேரங்காடிகளில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கையில் காசு இருந்தவர்கள் தள்ளுவண்டி நிறைய அள்ளினார்கள். செம்பனைக் குலை வெட்டிவிட்டு, அன்றைய கூலியோடு அன்றைய அரிசியை வாங்க வந்தவருக்கு வெறும் அடுக்குதான் மிச்சம். அதுதான் சுயநலம். விலை சாதாரணமாக இருக்கும் மாதத்தில், வழக்கமாக வாங்குவதோடு ஒரு கிலோ பருப்போ ஒரு டின் சார்டினோ கூடுதலாக வாங்கி வைத்தவர் அந்த இரவு கடைப் பக்கமே போக வேண்டியதில்லை. அவர் போகாததால் அடுக்கில் ஒரு பை மிஞ்சும். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் அமைதியான காலத்தில் சேர்த்து வைப்பதை, தினக்கூலிக்காரருக்குச் செய்கிற உதவியாகவே நான் பார்க்கிறேன். அதற்காக, அரசு மானியத்தில் விற்கும் ஒரு கிலோ 2.50 வெள்ளி எண்ணெய்ப் பாக்கெட்டைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதைக் கவனிக்க 1961-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

வைப்பது எப்படி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரிசி சும்மா இருந்தால் கெடும். வண்டு எங்கிருந்தோ பறந்து வருவதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அது மூட்டையோடு முட்டையாகவே வீட்டுக்குள் வருகிறது. பெண் வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு ஓட்டையையும் அடைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அரிசிக்குள் இருக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்யாது. ஐந்து கிலோப் பையைப் பிரிக்காமல் அப்படியே நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டை செத்துவிடும். வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த அரிசியின் மீது காற்றின் ஈரம் படிந்து வியர்க்கும், பிறகு பூஞ்சணம்தான். பையின் வெளிப்புறத்து ஈரம் உலர்ந்து, அரிசி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு இறுக மூடும் டப்பாவில் கொட்டி, மூடியில் தேதியை எழுதுங்கள். பழையதை முதலில் சமையுங்கள். தவிடு நீக்காத சிவப்பரிசியை மட்டும் அதிகம் சேர்க்க வேண்டாம், சில மாதங்களில் காறல் வாடை வந்துவிடும். நிலக்கடலையில் பூஞ்சணம் கண்டால் பொறுக்கி எடுத்து வறுத்துத் தின்னாதீர்கள். அதில் ஊறும் அஃப்ளாடாக்சின் ஈரலைத் தாக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுவதும் போகாது.

ஃப்ரீசரை நம்பிக் கோழியும் மீனும் அடுக்கி வைத்துவிட்டு, வெள்ளத்துக்குத் தயார் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள், பாதிதான் நிறைந்தது என்றால் ஒரு நாள். வெள்ளத்துக்கென்று வைப்பது அடுப்பு கேட்காத சாப்பாடாக இருக்க வேண்டும். அவலைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. சுத்தமான தண்ணீரும் ஒரு கட்டி வெல்லமும் இருந்தால் பசியாறிவிடலாம். பொரிகடலை, பேரீச்சம்பழம், பிஸ்கட், பால்மாவு, டின்னைத் திறக்கும் கருவி. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர். இவையெல்லாம் அலமாரியின் அடித்தட்டில் இருந்தால் வாங்கியும் பயனில்லை, உயரத்தில் இருக்க வேண்டும். கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, கட்டி வையுங்கள், மிதந்து போய்விடும். வெள்ளநீர் பட்ட கீரையைக் கழுவிச் சமைக்கலாம் என்ற சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

இனித் தோட்டம். யூடியூபைப் பார்த்து லாபிஸ் வெயிலில் ஸ்ட்ராபெர்ரி போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இங்கே என்ன தானாக வளர்கிறதோ அதை நடுங்கள்: முருங்கை, கறிவேப்பிலை, பசளை, கங்குங் கீரை, சர்க்கரைவள்ளி, வாழை. கங்குங் விதைத்து ஒரு மாதத்துக்குள் அறுக்கலாம். சர்க்கரைவள்ளியில் கிழங்கு வருவதற்கு முன்பே கொழுந்து கீரையாகிவிடும். இருப்பதிலேயே என் வாக்கு மரவள்ளிக்குத்தான். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். வெட்டிப் பார்த்தால் உள்ளே நீல நரம்பு ஓடியிருக்கும். தோண்டாமல் விட்டால் மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே இருக்கும். டப்பாவும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பச்சையாகத் தின்னக் கூடாது, அதில் சயனைடு இருக்கிறது. தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் மேட்டுப் பாத்திதான் அதற்கு இடம்.

இந்தத் தோட்டம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. அப்படிச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். வெறும் சோறும் பருப்பும் மட்டுமே மிஞ்சுகிற நாள்களில் தட்டில் பச்சையாக ஏதாவது விழும், அவ்வளவுதான். அதுவே பெரிது.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. களைக்கொல்லி வந்த டிரம்மைக் கழுவி, மழைத்தண்ணீர் பிடிக்க வைத்திருக்கிற வீடுகளை இன்னும் பார்க்கிறேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டிரம் தடை செய்யப்படவில்லை, வீட்டுக் கொல்லையில்தான் கிடக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் அந்தத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றாதீர்கள். உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். அதையும் வலையால் இறுக மூடுங்கள். ஏடிஸ் கொசுவின் புழு கண்டால் சுகாதார அதிகாரி 500 வெள்ளி வரை அபராதம் எழுதலாம், டெங்கி வந்தால் அதைவிட அதிகம் போகும்.

தோட்டத்து லயத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடியேற்றப்பட்டவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது என்பது தெரியும். லயத்தை இடித்தபோது வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தார்கள். பின்கட்டுத் தோட்டத்தையும் மாட்டுக் கொட்டகையையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, அது தனிப் பதிவாக வரும். இப்போதைக்கு நடைவழி ஓரத்தில் இரண்டு தொட்டி கறிவேப்பிலையும் புதினாவும், சமையலறையில் முளைகட்டிய பயறும்.

நவம்பர் மழைக்கு முன் மரவள்ளிக் குச்சி வெட்டப்போகிறேன், முருங்கைக் கிளையும் இருக்கிறது. லாபிஸ், சாஆ பக்கம் உள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லிவிட்டு வாருங்கள், காசு வேண்டாம். கோணிப்பையை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள். போன ஆண்டு வாங்கிக்கொண்டுபோய் நடாமல் காயவிட்ட மூன்று பேரின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் முற்றத்துச் சிமெண்டை ஓர் ஓரமாவது உடைத்துவிட்டு வரட்டும்.