கிளீனர் சீட்டில் ஒரு கேமரா

கம்பெனி வேலையாக ஒரு மாதம் வெளிநாடு போன என் மச்சினன், தன் புது வண்டியை வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, “சும்மா போட்டு வைக்காதீங்க மாமா, பேட்டரி இறங்கிடும், அப்பப்ப ஓட்டுங்க” என்று சாவியைக் கொடுத்தான். கரும்பு தின்னக் கூலியா? இரண்டு தடவை பெங்களூரு போய்வந்தேன். தானாகவே லேனைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற வண்டிக்குத் தகுந்தமாதிரி வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் போகிற வண்டி அது. நமக்கு ஸ்டீயரிங்கில் கையும் ரோட்டில் கண்ணும் இருந்தால் போதும். கண் ரோட்டில்தான் இருக்கிறதா என்று பார்க்க, மீட்டருக்கு மேலே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கேமரா. அதோடு எனக்கு நடந்த சண்டைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை கிளம்பியது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்தில் ஆம்பூர் தாண்டினால் வாணியம்பாடி வரைக்கும் வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும், இந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். கண்ணை இடுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். டிங் என்று ஒரு சத்தம், திரையில் ஆவி பறக்கிற காபி கப் படம். தூங்குகிறேனாம், ஓய்வெடுக்க வேண்டுமாம். அடேய், தூக்கம் இல்லைடா, வெயில்! (மதியம் நான் சாப்பிட்ட பிரியாணியை அது மோப்பம் பிடித்துவிட்டது என்பது வீட்டுக்காரியின் கருத்து.) சரி என்று முன்னால் இருக்கிற தடுப்பை இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் போனேன். இடது பக்கம் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு மொபெட், பின்னால் ரெண்டு தீவன மூட்டை, எதிர்த்திசையில் ஹைவேக்கு ஏறி வருகிறது. அவர் உள்ளே வரப்போகிறாரா நிற்கப்போகிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கும் டிங், ரோட்டைப் பார் என்கிறது. நான் பார்த்ததுதானய்யா ரோடு. நேராகப் பார்த்துக்கொண்டே போனால் நம்ம ஊர் ஹைவேயில் உயிரோடு வீடு வந்து சேர முடியாது என்பதை அந்தக் கேமராவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது தடவை நடந்தது வேறு. பெங்களூருவில் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துக்கொண்டு, நடுராத்திரி தாண்டிக் கிளம்பி வருகிறேன். நாட்றம்பள்ளி பக்கம் வரும்போது மணி நாலு இருக்கும். ரோடு காலி. வண்டி லேனைப் பிடித்துக்கொண்டு தேர் மாதிரி போகிறது, நான் அதன் மேல் உற்சவமூர்த்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன், வண்டியை நானே ஓட்டும்போது வராத தூக்கம், ஓட்டாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும்போது எப்படி வந்தது என்றே தெரியவில்லை. இது எனக்கு மட்டும் உள்ள கோளாறும் இல்லை. ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏன் முக்கியமானதைத் தவறவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு சோதனை வைத்து, அதன் முடிவை 1948ல் எழுதினார். ஒரு முள் நொடிக்கு ஒரு அடி நகரும், எப்போதாவது ஒரு தடவை ரெண்டு அடி தாவும், தாவும்போது பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அரை மணி நேரத்துக்குள்ளாகவே ஆட்கள் தவறவிட ஆரம்பித்துவிட்டார்கள். பாதி தானாக ஓடுகிற வண்டி நம்மை உட்காரவைப்பது அந்த முள்ளுக்கு முன்னால்தான்.

கேமரா கத்தியது. இந்தத் தடவை டிங் இல்லை, விடாமல் கத்தியது. நிமிர்ந்து பார்த்தால் வெளிச்சத்தில் ஒரு லாரி, பாதி ஓரத்திலும் பாதி என் லேனிலுமாக நிற்கிறது. பின்னால் ஒரு லைட் கிடையாது, ரெண்டு கருங்கல், ஒரு வேப்பங்கிளை. வலது பக்கம் ஒடித்துத் தாண்டினேன். வண்டியே பிரேக் போட்டிருக்குமா? போட்டிருக்கலாம், சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. வாணியம்பாடியில் நிறுத்தி டீ வாங்கினேன், கிளாஸ் கையில் ஆடியது.

ஆகவே கேமராவே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான்.

எங்கள் எதிர் வீட்டுத் தம்பி ஒரு டிராவல்ஸில் டிரைவர். அவன் வண்டியிலும் முதலாளி ஒன்று மாட்டியிருக்கிறார். இரண்டும் பார்ப்பது ஒன்றையேதான்: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை முகத்தில் அடித்து, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இமை எவ்வளவு நேரம் மூடிக்கிடக்கிறது என்று இருட்டிலும் கணக்குப் போடும். வித்தியாசம் எங்கே என்றால், மச்சினன் வண்டியில் அது என்னிடம் கத்தியது. இவன் வண்டியில் இவனிடமும் கத்தும், முதலாளியின் போனுக்கு வீடியோவும் போகும். ஒரு தடவைக்கு இருநூறு ரூபாய் சம்பளத்தில் பிடிப்பு. கொட்டாவிக்கு இருநூறு, கண்ணாடியைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தால் இருநூறு. ஒரு நாள் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லென்ஸ் மேலே ஒட்டியிருக்கிறான். கேமரா மறைக்கப்பட்டது என்று அதற்கும் மெசேஜ் போய், ஐநூறு. கூலிங்கிளாஸ் போட்டுப் பார்த்தான். அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பெரும்பாலான கூலிங்கிளாஸ் ஒரு பொருட்டே இல்லை. “கண்ணு பட்டுடுச்சுண்ணா எனக்கு” என்றான் சிரிக்காமல்.

ஏமாற்றுவது இவனோடு ஆரம்பித்ததும் இல்லை. அமெரிக்காவில் கேமராவுக்குப் பதிலாக ஸ்டீயரிங்கில் கை இருக்கிறதா என்று மட்டும் டெஸ்லா பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஸ்டீயரிங் சக்கரத்தில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகிவைத்து ஏமாற்றியவர்கள் உண்டு. 2021ல்தான் உள்ளே இருக்கிற கேமராவை அந்தக் கம்பெனி இந்த வேலைக்குப் பயன்படுத்த ஆரம்பித்தது. அப்படியும் டிரைவரின் கவனத்தை உறுதி செய்ய அது போதவில்லை என்று 2023 டிசம்பரில் 20 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருளை மாற்ற வேண்டி வந்தது. ஆனால் அந்த ஆரஞ்சுக்காரர்கள் தூங்குவதற்காக ஏமாற்றினார்கள், இந்தத் தம்பி சம்பளத்துக்காக ஏமாற்றுகிறான். இவன் ஏன் கொட்டாவி விடுகிறான் என்று கேளுங்கள். ராத்திரி ஏர்போர்ட் டிராப், திரும்பியதும் திருப்பதி, வந்து குளிப்பதற்குள் மறுபடி ஏர்போர்ட். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே சொன்னது, நாளைக்கு 8 மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று. இமையை நொடிக்கணக்கில் அளக்கிற கருவியை வாங்கி மாட்டத் தெரிந்த முதலாளிக்கு, இந்த மணிக்கணக்கு மட்டும் போனில் வருவதில்லை.

எங்கள் நைனா லாரி டிரைவர். ராணிப்பேட்டையிலிருந்து தோல் லோடு. அவர் காலத்திலும் டிரைவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே வர ஒரு ஏற்பாடு இருந்தது, அதற்குப் பெயர் கிளீனர். லோடு கட்டுவதும் டயரைத் தட்டிப் பார்ப்பதும் பகல் வேலை. ராத்திரி வேலை, டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டு வருவது. பதிலில் “ம்” மட்டும் வர ஆரம்பித்தால் தொடையில் ஒரு கிள்ளு, அதற்கும் மசியாவிட்டால் “நைனா, ஓரம் கட்டு, டீ சாப்பிடலாம்.” ஆயிரம் தடவை நைனா கண் சொக்கியதை அந்தக் கிளீனர் பார்த்திருப்பார். ஒரு தடவைகூட முதலாளியிடம் போய்ச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நைனா அடுத்த நாள் அவரிடம் முகத்தைக் காட்டியிருக்க மாட்டார்.

2018 மார்ச்சில் அமெரிக்காவில் அரிசோனாவின் டெம்பி நகரத்தில் ஊபர் சோதனை வண்டி ஒன்று, தானாக ஓடிக்கொண்டிருந்தபோது, ராத்திரி ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணி மேல் மோதி அவர் இறந்துபோனார். கண்காணிக்க உட்கார்ந்திருந்த டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது. பலருக்கு இது தெரியும். அந்த வண்டியில் டிரைவரின் முகத்தைப் பார்க்கும் கேமராவும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அது எல்லாவற்றையும் பதிவு செய்தது. அந்த நேரத்தில் கத்தவில்லை, கத்துவதற்காக அதை வைக்கவும் இல்லை. இன்னொன்று: அதற்குச் சில மாதங்கள் முன்பு வரை அந்த வண்டிகளில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள், பிறகு ஒருவராகக் குறைத்தார்கள். கிளீனரை இறக்கிவிட்டார்கள் என்று நான் படித்துக்கொண்டேன். கம்பெனி மேல் கிரிமினல் வழக்கு இல்லை என்று 2019லேயே முடிவானது, டிரைவர் 2023ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு வாங்கினார். அவர் செய்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேமரா யாருக்கு உதவியது என்று பாருங்கள்.

ஐரோப்பாவில் புதிதாக வரும் கார்களில் தூக்க எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 2019ல் போட்ட அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது: இந்தக் கருவி எடுக்கிற தகவல் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், மூன்றாம் ஆளுக்குப் போகக் கூடாது, வேலை முடிந்ததும் உடனே அழிந்துவிட வேண்டும். கிளீனர் செய்ததைத்தான் சட்டமாக எழுதியிருக்கிறார்கள்! பஸ், லாரிகளில் இதே மாதிரிக் கருவியைக் கட்டாயமாக்க நம் மத்திய அரசும் 2025ல் வரைவு வெளியிட்டது. நல்லது, வரட்டும், இந்த ரோட்டில் விடியற்காலை நாலு மணிக்குப் போகிறவன் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வரியும் கூடவே வர வேண்டும். கத்துவது டிரைவர் காதோடு நிற்க வேண்டும். முதலாளிக்கு ஏதாவது போயே ஆக வேண்டும் என்றால், எத்தனை மணி நேரமாக இந்த ஆள் வண்டியில் இருக்கிறான் என்ற எண் மட்டும் போகட்டும்.

போன வாரம் மச்சினனைக் கூட்டிவர அந்தத் தம்பியோடுதான் ஏர்போர்ட் போனேன். ராத்திரி ஒன்றரை மணி. முந்தின நாள் திருப்பதி போய் வந்த கண் அப்படியே சிவந்து கிடந்தது. நான் பின் சீட்டில் உட்காராமல் முன்னால் ஏறிக்கொண்டேன். ஊர்க்கதை, சீட்டுக் கம்பெனிக் கதை, நைனாவின் லாரிக் கதை என்று விடாமல் பேசிக்கொண்டே வந்தேன். வாலாஜா டோல்கேட் தாண்டி காவேரிப்பாக்கம் வரும்போது ஏதோ சொன்னதற்கு என் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தான்.

டிங்.

“இருநூறு போச்சுண்ணா” என்றான்.