காசு வீசிய திவான்

ஹைதராபாத்தில், நிஜாம் ஆட்சியில் திவானாக, அதாவது பிரதம மந்திரியாக இருந்த மகாராஜா கிஷன் பிரசாத் பேரை எடுத்தாலே முதலில் சொல்வது காசுக் கதைதான். வண்டி கிளம்பும். பக்கத்தில் சில்லறைப் பை. தெருவோரம் நிற்கிற ஜனங்கள் பக்கம் அள்ளி அள்ளி வீசிக்கொண்டே போவார். காசு மண்ணில் உருளும், கூட்டம் குனிந்து பொறுக்கும். என்ன தாராள மனசு என்று இன்றும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கவே இல்லை. குனிந்தவர்கள் பக்கம் நின்று பாருங்கள், அது தர்மமாகத் தெரியாது.

ஆனால் அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1864-இல் பிறந்தவர். பழைய திவான் சந்து லாலின் வம்சம், அவரும் கவிஞர்தான். இவர் 'ஷாத்' என்ற பெயரில் உருதுவிலும் பாரசீகத்திலும் எழுதினார். ஷாத் என்றால் மகிழ்ச்சி. இந்துவாகப் பிறந்தவர், நபிகள் நாயகத்தைப் புகழ்ந்து மனமுருகப் பாடினார். மனைவியரில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. பிள்ளைகள் அவரவர் தாயின் மதத்தில் வளர்ந்தார்கள். பலதார மணத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இன்றைக்கு அப்படி ஒரு வீட்டைத் தெருவில் நிம்மதியாக இருக்க விடுவார்களா?

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு ஊருக்குள் புகுந்தபோது திவான் பதவியில் இருந்தவர் இவர்தான். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் தொற்றிக்கொண்ட சுமார் 150 பேர் பிழைத்தார்கள். அந்த மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. மறு வருஷமே பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்தார்கள். அவர் திட்டப்படி எழுந்த உஸ்மான் சாகர் அணை வெள்ளத்தையும் தடுத்தது, ஊருக்குக் குடிதண்ணீரும் தந்தது. காசு வீசியதைச் சொல்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டாமா?

அணை முடிந்தது 1920-இல். அப்போது ஷாத் பதவியில் இல்லை. 1912-இலேயே புது நிஜாம் உஸ்மான் அலி கான் அவரை விலக்கிவிட்டார். பதினான்கு வருஷம் கழித்து அதே நிஜாம் திரும்ப அழைத்தார். 1937 வரை ஷாத் நிர்வாகத்தை நடத்தினார். இடையில் கவிஞர் இக்பாலோடு கடிதப் போக்குவரத்து, வீட்டில் கவியரங்கம்.

சரி, அவர் கொடுத்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது எது? வக்கீல் தொழில் ஓடாமல் நொடித்துப்போயிருந்த கவிஞர் ஃபானி பதாயூனியை ஹைதராபாத்துக்கு அழைத்து ஆதரித்தாரே, அதுதான். அங்கே யாரும் குனிய வேண்டியிருக்கவில்லை. ஒரு கவிஞனுக்கு இன்னொரு கவிஞன் செய்தது அது. 1940-இல் ஷாத் போனார். அடுத்த வருஷம் ஃபானியும் அதே ஊரில் கண்ணை மூடினார்.